பனியைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்ன சூலோ

சூலோ என்ற பெயரைச் சைமி முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாணத்தில். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பெரியப்பா மகள் எல்மாவுக்கும் லெஸ்டருக்கும் ஆல்டர் ஏரிக்கரை மண்டபத்தில் கல்யாணம். இருநூறு பேர். காபி ஊற்றியாகிவிட்டது, அக்கார்டியன்காரர் தோளில் வாரை மாட்டிக்கொண்டுவிட்டார், பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் ஆட்டத்துக்கு எழுந்து நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பக்கத்துக் கழிப்பறையிலிருந்து தண்ணீர் மண்டபத்துக்குள் நடந்து வந்தது. தண்ணீர் என்பது மரியாதைக்குச் சொல்வது.

எல்மாவின் அப்பா நாற்காலி மேல் ஏறிவிட்டார். "சூலோ எங்கப்பா? யாராச்சும் சூலோவைக் கூட்டிட்டு வாங்க!"

அந்தப் பெயர் வாய்க்கு வாய் தாவியது. "சூலோ வந்திருக்கானா?" "இருக்கான் இருக்கான், வாசல்ல நிக்கிறான்." அதைக் கேட்டதும் இருநூறு முகங்களிலும் ஒரு நிம்மதி. இவ்வளவு பேரும் நம்புகிற ஆள் டாக்டராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மாவட்டத்துப் பெரிய அதிகாரியாக இருக்க வேண்டும் என்று சைமி நினைத்தாள். வந்தவனுக்கு இருபது வயதுதான் இருக்கும். ஒல்லி. காது இரண்டும் கதவு திறந்து வைத்த மாதிரி. புதுக் கோட்டைக் கழற்றினான், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சைமியின் கையில் திணித்தான், சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனான்.

ஒரு மணி நேரம் அவள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையில் சர்க்கரைக் கட்டிகள் இருந்தன. ரூடி ஹியேதலா என்ற சுரங்கக்காரப் பையன் வந்து, "அந்தக் கோட்டோட ஆடப் போறியா, என்னோட ஆடப் போறியா?" என்று கேட்டதும் அப்போதுதான். மண்டபம் மறுபடி காய்ந்து ஆட்டம் களை கட்டியபோது சூலோ கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான். எந்தப் பெண்ணும் பக்கத்தில் வரவில்லை. அவன் கவலைப்படாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அதோடு மூன்று சுற்று ஆடினான். மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சைமி அந்த வருஷக் கடைசியில் ரூடியைக் கட்டிக்கொண்டாள். சூலோ ஒருவரையும் கட்டிக்கொள்ளவில்லை.

அவன் ஹில்யா பெல்தோலாவின் மூன்றாவது மகன். மூத்தவன் சுரங்கத்துக்குப் போனான், நடுவில் உள்ளவன் கப்பலுக்குப் போனான். சூலோவுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சலித்துவிட்டது. தாய்மாமன் கழிவு அள்ளும் லாரி வைத்திருந்தார், அதில் ஏறினான். மாமன் போன பிறகு லாரி அவனுடையது. அதற்கு நீலப் பெயிண்ட் அடித்து 'ரோஜா' என்று பெயர் எழுதினான். "பேர்லயாவது வாசனை இருக்கட்டுமே" என்பான். அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகோடியில், அந்த ஏரியைச் சுற்றிய முந்நூறு வீட்டுக் கழிவு டேங்க்கும் அவன் கைக்குள். எந்த வீட்டில் குழந்தை வரப்போகிறது, எந்த வீட்டில் குடி மிஞ்சிவிட்டது, எந்த வீட்டுக்காரி கோபத்தில் கல்யாண மோதிரத்தைத் தண்ணீரோடு விட்டாள் என்பதெல்லாம் பாதிரியாருக்கு முன்னால் சூலோவுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்க மாட்டான். அதனால்தான் அத்தனை வீட்டிலும் அவனுக்குக் காபி கிடைத்தது. வாசலுக்கு வெளியே நின்று குடிப்பான். உள்ளே கூப்பிட்டால், "பூட்ஸ் அழுக்கா இருக்கு" என்பான்.

இனி சைமி சங்கதிக்கு வருவோம்.

ரூடி இறந்த ஆண்டு, அவள் தனியாக இருந்த முதல் குளிர்காலம். பிப்ரவரியில் ஒரு காலை டாய்லெட்டில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. தொட்டியில் விட்டது பேசினுக்கு வந்தது, பேசினில் விட்டது குளியலறைக்கு வந்தது. சூலோ வெந்நீர்க் குழாயோடு வந்து இரண்டு நாள் போராடிப் பார்த்துவிட்டு, "மேடு வரைக்கும் கல்லாயிடுச்சு சைமி. இனிமே வசந்தம்தான் வந்து திறக்கணும்" என்று கையை விரித்தார். டேங்க்கிலிருந்து போகும் தண்ணீர் ஊறி மண்ணில் இறங்குவதற்காக வீட்டுக்குப் பின்னால் ரூடியே போட்ட மணல் மேடு அது. ஏப்ரல் கடைசி வரைக்கும் சைமிக்கு வாளிதான். குளிக்க எல்மா வீடு.

சங்கதி அரிசோனாவுக்குப் போயிற்று. அங்கே பாலைவனத்து ஊரில் இருக்கும் மகன் டென்னிஸ் விமானம் ஏறி வந்துவிட்டான். வாளியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, இது மனுஷங்க வாழற வாழ்க்கையா? அறுபத்து மூணு வயசு உனக்கு."

"உங்க பாட்டி எண்பது வயசு வரைக்கும் வெளிக் கொட்டகைக்குத்தான் போனாங்க. வழியில ஓநாயையும் திட்டிட்டு வருவாங்க."

"எனக்கு ஓநாய் கதை வேணாம். ஒரு பேச்சு குடு. அடுத்த குளிர்காலமும் இது உறைஞ்சா, வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடணும்."

அவர்கள் குடும்பத்தில் கை கொடுத்துச் சொன்னதை யாரும் மீறியதில்லை. சைமி கை கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளும் ரூடியும் ஆணி ஆணியாக அடித்த சவுனா அறை இருந்தது. சனிக்கிழமை தவறாமல் அடுப்பு மூட்டி, கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்து, வெளியே வந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடுவாள். பாலைவனத்தில் சவுனா எதற்கு? வாசற்கதவைத் திறந்தாலே போதும் என்று டென்னிஸ் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் வந்ததும் சைமி செய்த முதல் வேலை சூலோவுக்குப் போன் போட்டதுதான். டேங்க்கை ஒரு சொட்டு விடாமல் காலி பண்ணிக் கொடு என்றாள். ரோஜா வந்து நின்றது. சூலோ இறங்கி மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குழாயை இறக்காமலே லாரிக் கதவைச் சாத்தினார்.

"நான் எடுக்க மாட்டேன்."

"ஏன், உன் லாரிக்கு என் டேங்க் பிடிக்கலையா?"

"காலி வயித்தோட குளிர்ல படுத்தா நீ தூங்குவியா? அதுவும் அப்படித்தான். பாதிக்கு மேல நிறைஞ்சு கிடந்தாத்தான் உள்ள சூடு நிக்கும். வசந்தத்துல எடுக்கறேன். இப்ப சொல்லு, இந்தப் புல்லை யாரு இப்படி மொட்டை அடிச்சது?"

சைமி தலையை நிமிர்த்திக்கொண்டாள். "நான்தான். நேத்துதான் வெட்டினேன். ஊர்லயே சுத்தமான முற்றம் இதுதான்."

"அதான் கேடு. நாலு விரக்கடை உயரமாவது புல் நின்னிருந்தா பனியைப் பிடிச்சு வெச்சுக்கும். மேட்டுக்கு அதுதான் கம்பளி. நீ கம்பளியை உருவிட்டு, அழகா இருக்குங்கற."

அவள் முகம் சிவந்தது. சூலோ சமையலறை ஜன்னலைக் கைகாட்டினார். "போன வருஷம் குளிர் ஏறினப்போ குழாயைச் சொட்ட விட்டியா?"

"விட்டேன். ரூடி எப்பவும் விடுவாரே. தண்ணிக் குழாய் உறையாம இருக்க, ராத்திரி ஒரு சொட்டு ஓடட்டும்னு."

"ரூடி இருந்தப்ப பகல்ல நாலு பேர் தண்ணி ஓடிச்சு. நீ விட்ட சொட்டு சாக்கடைக் குழாய்ல போய் நின்னு உறைஞ்சது. அது மேல அடுத்த சொட்டு. மெழுகுவர்த்தி வார்க்கற மாதிரி நீயே உள்ள வார்த்துட்ட, சைமி. மேட்டுல ஊறின தண்ணியும் அப்படித்தான் உறைஞ்சது. ஓடற தண்ணி இல்லாத மேடு எப்படிச் சூடா இருக்கும்?"

சைமி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வருஷம் ஒரு தட்டைக் கழுவ ஒரு கோப்பைத் தண்ணீர் என்று வாழ்ந்தவள். அப்படிச் சிக்கனமாக இருந்ததுதான் குற்றம் என்று ஒருத்தன் வந்து சொல்கிறான்.

"அப்ப என்னதான் பண்றது?"

சூலோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உன் குழாய்ல ஒரு குறையும் இல்ல. மேட்லயும் இல்ல. ரூடி இதை ஆறு பேருக்குக் கட்டினாரு. இப்ப ஒரு ஆள்தான் இருக்க. வீட்டுல ஆள் பத்தல. அவ்வளவுதான் வியாதி."

"அதுக்கு எந்தக் கடையில மருந்து விக்குது?"

"நான் எழுதித் தரேன்" என்றார் சூலோ.

எழுத அவருக்கு அவ்வளவாக வராது. வாயாலேயே செய்தார். முதலில் இருபத்தைந்து கட்டு வைக்கோல் கொண்டுவந்து டேங்க் மேலும், குழாய் போகிற வழி மேலும், மேட்டின் மேலும் முழங்கை உயரத்துக்குப் பரப்பினார். மூடிக்கு உள்பக்கம் தெர்மோகோல் பலகை வைத்தார். சமையலறைக் குழாயின் வாஷரை மாற்றினார், ஒரு சொட்டும் விழாதபடி. அதன் பிறகு ரோஜாவை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிப் போனார். போகிற வீட்டிலெல்லாம் காபியை வாசலில் நின்று குடித்துக்கொண்டே ஒரே விஷயத்தைச் சொன்னார்: சைமி வீட்டு டேங்க்குக்குப் பசி.

முதலில் வந்தவள் எல்மா. திங்கட்கிழமை இரண்டு மூட்டை அழுக்குத் துணியோடு நின்றாள். "நகரு, உன் டேங்க்குக்குச் சோறு போட வந்திருக்கேன்." செவ்வாய்க்கிழமை தபால் கொடுக்கிற பெண் ஹெலன் தன் நாயைக் குளிப்பாட்ட வந்தாள். வியாழக்கிழமை தேவாலயத்து மாதர் சங்கத்தார், கூட்டத்துக் காபிக் கோப்பைகளைச் சைமியின் வெந்நீரில்தான் கழுவுவோம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். தீர்மானம் போடுகிறவர்களே தவிர அவர்கள் சாதாரணமாக எதற்கும் வருகிறவர்கள் இல்லை. சனிக்கிழமை நாலு மணிக்குச் சவுனா. முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். பிறகு மீன் கூழும் ஏலக்காய் ரொட்டியும்.

சூலோ சனிக்கிழமைகளில் வருவார். டிரெய்லர் வீட்டில் இருக்கிற அவருக்குச் சொந்தச் சவுனா கிடையாது. ஆனாலும் முதல் வாரம் வாசலிலேயே நின்றார்.

"பூட்ஸ் அழுக்கு."

"கழற்று" என்றாள் சைமி. "நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால உன் கோட்டை ஒரு மணி நேரம் சுமந்தவ நான். உன் பூட்ஸைச் சுமக்க மாட்டேனா?"

"அது நீயா?" சூலோவின் காது இரண்டும் சிவந்தன. "அன்னிக்கு அதுல மூணு சர்க்கரைக் கட்டி குறைஞ்சது."

"நான் தின்னது ரெண்டு. ஒண்ணு ரூடி தின்னது."

சூலோ பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

சைமிக்குத்தான் சிரமம். வெந்நீர் ஓடுகிற சத்தம் கேட்டாலே உடம்பு கூசும். குழாயை மூட எழுந்து போவாள், எல்மா கையைத் தட்டிவிடுவாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் கூச்சம் போய்விட்டது. வீட்டில் எப்போதும் யாரோ ஒருவரின் ஈரத் துண்டு தொங்கியது. யாரோ ஒருவர் எதையோ மறந்துவிட்டுப் போயிருந்தார்கள், அதை எடுக்க மறுபடி வந்தார்கள்.

பனி அந்த வருஷம் தாமதம். வெறும் தரையில் குளிர் இறங்கினால்தான் ஆபத்து. வைக்கோல் தாங்கியது. ஜனவரி நடுவில் ஒரே இரவில் இடுப்பளவு பனி கொட்டியது. சூலோ மேட்டைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "இப்ப போர்த்தியாச்சு. இனிமே யாரும் இது மேல கால் வைக்காதீங்க. மிதிச்ச பனி சூடு காக்காது. பூப்போல கிடக்கணும்."

அந்த நேரத்தில் சைமிக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டி வந்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்கு எல்மா கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு நாள். பேங்க் கட்டடமும் பெரிய படகும் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலை திரும்பினார்கள்.

கார் முற்றத்துக்குள் திரும்பியது. புதுக் கண்ணால் சைமி தன் வீட்டைப் பார்த்தாள். அடடா என்ன அழகு! வாசலிலிருந்து கொட்டகை வரைக்கும், வீட்டுப் பின்புறம் முழுவதும் சவரம் செய்த மாதிரி சுத்தம். ஒரு துளிப் பனி இல்லை. ஓரங்கள் ரூலர் வைத்து வெட்டியது போல. வைக்கோல் எல்லாம் கொட்டகைப் பக்கம் வட்டமாக, கூம்பாகக் குவிந்து கிடந்தது. ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஊரிலேயே சுத்தமான முற்றம்.

அடுத்த கணம் மேட்டின் பழுப்புப் புல் தெரிந்தது. சைமி காரிலிருந்து இறங்காமலே, "அரிசோனா" என்றாள்.

செய்தது எல்மாவின் புருஷன் லெஸ்டர்தான், தேவாலயத்து ஆண்கள் நாலு பேரோடு. அந்த ஊரில் ஒரு வழக்கம். தனியாக இருக்கிற பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால், அவள் திரும்பி வருவதற்குள் முற்றத்துப் பனியை வழித்து வைத்துவிட வேண்டும். சொல்லாமல் செய்ய வேண்டும். எவ்வளவு சுத்தமாக வழிக்கிறார்களோ அவ்வளவு அன்பு. லெஸ்டர் தன் டிராக்டரில் பனித் தகட்டை மாட்டிக்கொண்டு வந்து அன்பைக் காட்டிவிட்டார். வைக்கோல் எதற்கு என்று எல்மா அக்டோபரிலேயே அவரிடம் சொல்லியிருந்தாள். ஆனால் எல்மா சொல்வதைக் கேட்கிற காதை லெஸ்டர் அந்தக் கல்யாண மண்டபத்திலேயே தொலைத்துவிட்டு வந்தவர்.

"யாரோ மாட்டுக்காரன் கொட்டிட்டுப் போன வைக்கோல்னு நினைச்சேன்" என்றார்.

"மாடு எங்க இருக்கு? பத்து மைலுக்கு ஒரு மாடு உண்டா? நீ ஒருத்தன்தான் இருக்க!" என்றாள் எல்மா.

சூலோ வந்தார். முற்றத்தைப் பார்த்தார். ரோஜாவின் பம்பரில் போய் உட்கார்ந்தார். வானொலியில் சொல்லியிருந்தார்கள்: ஞாயிறு இரவிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு, நாலு நாளைக்கு. புதுப் பனி இல்லை.

"எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று சைமி கேட்டாள்.

"வெறும் மேடா விட்டா செவ்வாய்க்கிழமைக்குள்ள கல்லாயிடும்." சூலோ எழுந்தார். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கோயில்?"

அம்மா ஹில்யாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு சூலோ தேவாலயத்துக்குள் கால் வைத்ததில்லை. பதினெட்டு வருஷம். தான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். கல்யாணத்தில் போட்ட கோட்டோ என்று சந்தேகப்படும்படி ஒரு பழைய கோட்டு. பாதிரியார் பிரசங்கத்தை முடித்து, வாரச் செய்திகளைச் சொல்லி, "வேறு ஏதாவது?" என்று வழக்கமாகக் கேட்டார். அந்தக் கோயிலில் ஐம்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. அந்த ஊர்ச் சனங்கள் கூட்டத்தில் வாய் திறக்கிற சனங்கள் இல்லை.

சூலோ எழுந்து நின்றார். தொப்பி கையில் சுழன்றது.

"சைமி வீட்டுல பனி எடுத்துட்டாங்க. நல்ல மனசோடதான் எடுத்தாங்க. ஆனா அது வேணும். திருப்பிக் கொண்டுவரணும்."

எல்லாத் தலைகளும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பின. எங்கோ ஒருவர் இருமினார்.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு பனி வேணும், சூலோ?"

"எடுத்தது பூரா, சாமி. இடுப்பளவு. இருட்டறதுக்குள்ள."

லெஸ்டர் முன் பெஞ்சிலிருந்து எழுந்தார். முகம் பீட்ரூட். "எங்கிட்ட பனி அள்ளற சவல் எட்டு இருக்கு."

"எங்கிட்ட மூணு" என்றது ஒரு குரல். பிறகு இன்னொன்று.

அன்று மதியம் ஆல்டர் ஏரிக்கரையில் நடந்ததை அதற்கு முன்னாலும் யாரும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. முப்பது நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக் கழற்றிவிட்டு, சவலும் பனி இழுக்கும் தட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு முற்றத்துக்குள் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்துப் பனி வண்டி ஓட்டுகிறவன் சாலையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"என்ன பண்றீங்க?"

"பனி போடறோம்!" என்று எல்மா கத்தினாள்.

அவன் தன் வண்டியின் பனித் தகட்டைப் பார்த்தான். "வேணும்னா எங்கிட்டயும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து வேலி ஓரத்தில் ஒரு மலையைத் தள்ளி வைத்தான்.

அடியில் போட வைக்கோல் மட்டும் போதாது என்றார் சூலோ. பாதி நனைந்திருந்தது. மாதர் சங்கத்தார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டுக்குப் போனார்கள். பழந்துணி கிழித்து நெய்த கோடு கோடான தரை விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் அது ஏழெட்டு இருக்கும். யார் நெய்தது, எந்தச் செத்த மாமனின் சட்டை அதில் இருக்கிறது என்றெல்லாம் ஒவ்வொன்றுக்கும் வரலாறு உண்டு. சிவப்பும் நீலமுமாக மேடு முழுக்க விரித்தார்கள். சைமி தன் கல்யாணச் சீர் விரிப்பையும் கொண்டுவந்து டேங்க் மூடி மேல் போட்டாள். அதன்மேல் காய்ந்த வைக்கோல். அதன்மேல் பனி.

"மிதிக்காதே!" என்று சூலோ கத்திக்கொண்டேயிருந்தார். "ஓரமா நின்னு வீசு! கல்யாணத்துல அரிசி தூவற மாதிரி தூவு! லெஸ்டர், நீ டிராக்டரை விட்டு இறங்கு. நீ அன்பு காட்டினது போதும்."

பாதிரியார் ஒரு தடவை மறந்துபோய் மேட்டின் மேல் காலை வைத்துவிட்டார். "சாமி, அது புனித நிலம், இறங்குங்க!" என்று சூலோ போட்ட சத்தத்தில் ஏரிக்கரைக் காக்கைகள் எழுந்து பறந்தன. பாதிரியார்தான் முதலில் சிரித்தார்.

மூன்றரை மணிக்கு மேடு மறுபடி வெள்ளையாக, உப்பலாக உட்கார்ந்திருந்தது. நாற்பது பேரும் வியர்வையில் நனைந்து நின்றார்கள். இனி என்ன என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சைமி ஏற்கெனவே சவுனா அடுப்பை மூட்டியிருந்தாள். ஐந்து ஐந்து பேராகப் போனார்கள். வெளியே வந்தவர்கள் சமையலறையில் நின்று காபி குடித்தார்கள். மூன்று கொதிகலன் வெந்நீர் டேங்க்குக்குள் இறங்கியது. சூலோ மூடியருகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து, "ஏப்பம் விடுது" என்றார்.

கூட்டத்தில் அவருக்கு உட்கார இடமில்லை. லெஸ்டர் பெஞ்சில் நகர்ந்தார், பக்கத்தில் இருந்தவரும் நகர்ந்தார். சூலோவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "என்ன, வாசனை வருதா?"

"உனக்கு இடம் விடறோம், மடையா. உட்கார்" என்றாள் எல்மா.

குளிர் சொன்னபடி வந்தது. மரங்கள் துப்பாக்கி வெடித்த மாதிரி பிளந்தன. தினம் காலை ஆறு மணிக்குச் சூலோவின் போன் வரும்.

"இறங்குச்சா?"

"இறங்குச்சு."

அவ்வளவுதான் பேச்சு. திங்கள் இறங்கியது. செவ்வாய் இறங்கியது. புதன்கிழமை காலை சைமி தண்ணீரை விட்டாள். குடகுடவென்று ஒரு சத்தம். தண்ணீர் பாதியில் நின்று சுற்றியது. போன வருஷமும் முதலில் அந்தச் சத்தம்தான் வந்தது. அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ரூடி அடித்த சவுனாவையும் ஏரியையும் எந்தப் பெட்டியில் வைத்து அரிசோனாவுக்குக் கொண்டுபோவது? போன் அடித்தது.

"இறங்குச்சா?"

"பாதியில நின்னு சுத்துது" என்றாள். பத்து நிமிஷத்தில் ரோஜா வந்து நின்றது. சூலோ மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஆவி பறந்தது, தண்ணீர் இளஞ்சூடாகத்தான் இருந்தது. தலையை ஆட்டினார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஏணியைப் போட்டார். அறுபத்து நாலு வயது ஆள், முப்பத்தெட்டு டிகிரி குளிரில், துடைப்பத்தோடு மேலே ஏறினார். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாயின் வாயை ஆவி உறைந்து ஒரு பனிக் குல்லாய் அடைத்திருந்தது. மூச்சு விட முடியாமல்தான் கீழே தண்ணீர் தடுமாறியிருக்கிறது. துடைப்பக் கட்டையால் நாலு இடி இடித்தார். குல்லாய் உடைந்து உருண்டு முற்றத்தில் விழுந்தது.

"இப்ப விடு!" என்று மேலிருந்து கத்தினார்.

சைமி விட்டாள். ஒரே மூச்சில் இறங்கியது. ஜன்னலைத் திறந்து, "இறங்குச்சு!" என்று அவள் போட்ட சத்தம் எல்மா வீடு வரைக்கும் கேட்டதாம். கூரை மேல் சூலோ துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினார்.

"கீழ விழுந்து சாகப் போற! இறங்குடா மனுஷா!" என்றாள் சைமி. சொல்லும்போதே சிரிப்பு.

டென்னிஸ் மார்ச்சில் வந்தான், சொல்லாமல். சனிக்கிழமை மாலை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கழிப்பறைக்குப் போனான். சமையலறையில் எட்டுப் பேர் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. டென்னிஸ் மறுபடி விட்டான். மறுபடி இறங்கியது. மூன்றாம் தடவையும்.

வெளியே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "இவங்கெல்லாம் யாரு, அம்மா?"

"டேங்க்குக்குச் சோறு போடறவங்க" என்றாள் சைமி.

டென்னிஸுக்குப் புரிய அரை மணி நேரமும் இரண்டு தட்டு மீன் கூழும் ஆயிற்று. கடைசியில் மகன் அம்மாவின் கையைப் பிடித்து, கொடுத்த பேச்சைத் திருப்பிக் கொடுத்தான். இரவுச் சவுனாவில் மேல் படியில் உட்கார்ந்து இரண்டே நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். "பாலைவனத்துப் பையன்" என்றார் சூலோ.

மே மாதம் பனி உருகி மேட்டின் மேல் விரிப்புகள் வெளியே வந்தன, சிவப்பும் நீலமுமாக, கொஞ்சம் நாற்றத்தோடு. மாதர் சங்கத்தார் ஏரிப் படகுத்துறையில் முட்டி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயப் போட்டார்கள். சைமியின் கல்யாண விரிப்பில் ஒரு கறை மட்டும் போகவில்லை. அதை அவள் வாசலில் போட்டாள். வருகிறவர்கள் பூட்ஸை அதன் மேல்தான் கழற்ற வேண்டும்.

அது நடந்து பதினேழு வருஷம் ஆகிறது. மேடு அதற்குப் பிறகு உறையவில்லை. ரோஜாவை எல்மாவின் இளைய மகள் ஓட்டுகிறாள். சூலோவுக்கு எண்பத்தொன்று. ஏரியின் கிழக்குக் கரையில் அதே டிரெய்லரில் இருக்கிறார். சனிக்கிழமை நாலு மணிக்குச் சைமி வீட்டுச் சவுனாவில், மேல் படியில், ஜன்னல் ஓரத்தில் இருப்பார்.